பாத்டப் கண்ணாடிக் கதவு: பாளையங்கோட்டை வீட்டில் இதுவரை

டப் 1500 மி.மீ. நீளம், அக்ரிலிக். முழு நீளத்துக்கும் ஸ்லைடிங் கதவு என்ற யோசனை கைவிடப்பட்டது. டேங்குக்கு ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணி. கீழ் டிராக்கில் உப்பு படிந்து சக்கரம் இறுகிவிடும். பிள்ளையைக் குளிப்பாட்டவும் பாதி வாய்தான் திறக்கும்.

பதிலுக்கு, ஷவர் இருக்கும் சுவரில் கீல் வைத்த ஒற்றைக் கண்ணாடி: அகலம் 800, உயரம் 1400, 8 மி.மீ. டஃபன் (சூட்டில் பதப்படுத்திக் கெட்டியாக்கிய கண்ணாடி). 8 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஆக இது 22 கிலோ சொச்சம். அத்தனையும் சுவரில் திருகிய ஒரு அலுமினியப் பட்டையில் தொங்குகிறது.

டஃபன் செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது, நொறுங்கிவிடும். டப் உட்கார்ந்து, டைல் முடிந்து, ரசமட்டம் பார்த்த பிறகே அளவு கொடுக்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டால் சுவர் 1400க்கு 9 மி.மீ. சாய்வு. டைல் ஒட்டிய சுவர் நேராக இருக்கும் என்று கொத்தனார் சொல்லை மட்டும் நம்பக்கூடாது. பட்டைக்குள் கண்ணாடியை 20 மி.மீ. வரை நகர்த்த முடிவதால் சமாளித்தாயிற்று.

பட்டைக்காகச் சுவரில் போடும் துளைதான் நிதானம் கேட்கும் வேலை. டேப் ஒட்டி, டைல் பிட்டால், ஹேமர் மோடு இல்லாமல், தண்ணீர் விட்டு மெதுவாக. டைலைத் தாண்டிய பிறகே ஹேமர். பிளக்கின் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) வாய் டைலுக்குள் நின்றால் ஸ்க்ரூ ஏறும்போது பிளக் விரிந்து டைல் கீறும்; டைலும் பூச்சும் தாண்டிச் செங்கல்வரை தள்ள வேண்டும். டைல், கலவை, பூச்சு சேர்த்து இங்கே 35 மி.மீ. அதனால் 65 மி.மீ. எஸ்.எஸ். ஸ்க்ரூ.

சிலிக்கான் போடும் முன் டப்பில் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஆள் இறங்கினால் அக்ரிலிக் கொஞ்சம் தாழும். காலி டப்பில் போட்ட சிலிக்கான் அப்போது இழுபட்டுக் கிழியும். 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் திறந்துவிடலாம். பட்டையை ஒட்டி வெளிப்பக்கம் மட்டும் போட்டால் போதும். உள்ளேயும் அடைத்தால் பட்டைக்குள் புகுந்த நீர் டப்புக்குத் திரும்ப வழியில்லாமல் வெளியே கசியும்.

கண்ணாடியின் அடியில் மாட்டும் ரப்பரின் நாக்கு டப் பக்கம் சரிய வேண்டும். இப்போதைக்குக் கண்ணாடியின் கடைசி முனையில் டப் விளிம்பு வழியாக நீர் தரைக்கு ஓடுகிறது. ஷவர் முகத்தை உள்சுவர்ப் பக்கம் திருப்பியதில் பாதி குறைந்தது. மீதிக்கு அந்த முனையில் ஒரு சின்ன நீர்த்தடுப்புக் கட்டை ஒட்டவேண்டும்.

உப்புக் கறைக்குக் குளித்ததும் வைப்பர். படிந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, பத்து நிமிடம். டாய்லெட் ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியப் பட்டையை அரித்துவிடும்.