ஒரே ஒரு சாக்ஸ்: கோர்த்தீனா நாட்குறிப்பு

ஜனவரி 26, 2025, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு மியூனிக்கில் கிளம்பி, ப்ரென்னர் கணவாய் தாண்டி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோர்த்தீனா தம்பெட்சோ வந்துவிட்டோம். தங்கை வீட்டுக்காரர்தான் ஓட்டினார். தங்கை வழி முழுக்கத் தூக்கம். இத்தாலிக்குள் நுழைந்த பிறகும் பலகைகளில் ஜெர்மன் விடவில்லை. ஒரே ஊருக்கு தோப்லாக் என்று ஒரு பெயர், தொப்பியாக்கோ என்று இன்னொன்று. கோர்த்தீனாக்காரர்களின் சொந்தப் பேச்சு ஜெர்மனும் இல்லை, இத்தாலியனும் இல்லை, லதீன் என்கிற தனி மொழி. லத்தீன் என்று படித்துவிடக் கூடாது. முதல் உலகப் போர் வரை இது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ஊர்.

ரயில் கிடையாது. இருந்த பாதையையும் 1964-இல் மூடிவிட்டார்கள், இப்போது அதில் சைக்கிள் ஓடுகிறது. பணக்காரர்கள் வரும் ஊருக்கு ரயில் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

தங்கைக்கு ஐம்பது முடிகிறது. அந்தச் சாக்கில் இந்த ஆடம்பரம். எனக்கு ஐம்பத்து நான்கு. பனியைக் கையால் தொட்டதே இன்றுதான். பால்கனிக்கு எதிரே தொஃபானா மலை, அதற்குக் கீழே கிரேன்கள். அடுத்த பிப்ரவரியில் மிலானோவும் கோர்த்தீனாவும் சேர்ந்து குளிர்கால ஒலிம்பிக் நடத்துகின்றன.

ஜனவரி 27, திங்கள்

ஹோட்டலின் அடித்தளத்தில் ஸ்கீ அறை, பனிச்சறுக்குச் சாமான்களுக்கென்றே. வாடகைக்கு எடுத்த பூட்ஸ்களை ராத்திரி முழுக்கச் சூடான குழாய்களில் கவிழ்த்து வைக்கிறார்கள். கதவைத் திறந்தால் இட்லிப் பானை மூடியைத் தூக்கியதுபோல் முகத்தில் ஒரு கதகதப்பு.

அங்கே இருப்பவருக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். சட்டென்று எதிரில் மண்டியிட்டு என் காலைப் பிடித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். வயதில் மூத்தவர் நம் காலைத் தொட்டால் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள் அம்மா. அவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்குக் கால் வலி என்று நினைத்துக்கொண்டு இன்னும் மெதுவாகப் பிடித்தார். தங்கை சிரித்தாளே தவிர, விளக்கிச் சொல்லவில்லை.

குளிருமே என்று இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டிருந்தேன். மேலே இருந்ததை உருவினார், அடியில் இருந்ததையும் உருவினார். முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றை நீட்டி ஒரு விரலைக் காட்டினார். "ஊனோ." ஒன்றுதான். இரண்டு போட்டால் உள்ளே மடிப்பு விழும், ரத்த ஓட்டம் தடைபடும், கால் இன்னும் விறைக்கும் என்று தங்கை பிறகு சொன்னாள்.

பூட்ஸுக்குள் கால் போனதும் குதிகாலைத் தரையில் தட்டச் சொல்கிறார். முதலில் கணுக்கால் பக்கிள். நேராக நின்றால் கால் விரல் முன்னால் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அதுதான் சரியான அளவாம். நடந்து பார்த்தேன். கல்லுரலில் இரண்டு காலையும் விட்டு நடப்பதுபோல் இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

சொக்ரேப்பெஸ். புதிதாகப் பழகுபவர்களின் மைதானம். பதினொரு முறை விழுந்தேன். தங்கை வீட்டுக்காரர் பதின்மூன்று என்கிறார்.

முதல் பாடமே நிற்பதற்குத்தான். ஸ்கீயின் மூக்குகள் நெருங்கி, வால்கள் விலகி இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் எனக்கும் "பீட்சா, பீட்சா" என்றே கத்தினாள் பயிற்சி தரும் பெண். என் பீட்சா கத்தரிக்கோலாகிவிடுகிறது. இடுப்பளவு உயரம்கூட இல்லாத ஒரு பொடியன் கையை வீசிக்கொண்டு என்னைக் கடந்து போனான். "அக்கா, கீழே பாக்காதே, எதிரே பாரு!" கீழே பார்க்காமல் எப்படி, அங்கேதானே விழப்போகிறேன்!

சாயங்காலம் நடந்துபோய் ஒலிம்பிக் பனி அரங்கைப் பார்த்தோம். நாங்கள் வந்து இறங்கிய அதே ஜனவரி 26-இல்தான், 1956-இல், இங்கே குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியது. ஜோதியை ஏந்தி ஸ்கேட்டிங்கில் வந்தவர் குயிதோ கரோலி. பனித்தரையில் கிடந்த கேபிள் ஒன்று தடுக்கி விழுந்தார். தொலைக்காட்சியில் நேரலையாகப் போன முதல் குளிர்கால ஒலிம்பிக் அது. விழுந்ததை ஊரே பார்த்திருக்கும். ஆனால் கையிலிருந்த ஜோதி அணையவில்லை. எழுந்துபோய் ஏற்றிவிட்டார். ராத்திரி வலி மருந்து தேய்க்கும்போதெல்லாம் இந்த மனுஷனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. ஊரில் இருந்தால் வாழைக்காய்ப் பொரியலும் பாயசமுமாக இருக்கும். இங்கே எதைத் திறந்தாலும் ஸ்பெக் என்கிற புகையிட்ட பன்றி இறைச்சி. சூப்பில் மிதக்கும் ரொட்டி உருண்டைக்குள்ளும் அதுதான்.

காப்பாற்றியது கசுன்சியேய். இந்த ஊர்ப் பலகாரம், சோமாசியின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். அரைவட்ட மாவுக்குள் பீட்ரூட் பூரணம், உருக்கிய வெண்ணெய், மேலே கசகசா. ஆமாம், நம் கசகசாதான், ஆனால் கருநீலம். மாவு மெல்லிசு என்பதால் உள்ளேயிருக்கும் சிவப்பு வெளியே தெரிகிறது. கடித்தால் பீட்ரூட்டின் இனிப்பு, அப்புறம் பல்லில் நறநறவென்று கசகசா. வெங்காயம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். தங்கை கேட்கவில்லை. "சாப்பிடு, அம்மா ஒண்ணும் சொல்லமாட்டா."

நிலா இல்லாத வானம். பால்கனியில் நின்றேன். இத்தனை நட்சத்திரங்களை எங்கள் மொட்டை மாடியில் கரண்ட் போன ராத்திரிகளில்கூடப் பார்த்ததில்லை.

ஜனவரி 30, வியாழன்

உடம்பில் வலிக்காத இடம் இமை மட்டும். இன்று ஸ்கீக்கு லீவு.

ஃபல்சாரேகோ கணவாயிலிருந்து கேபிள் காரில் லகத்சுவோய். 2,105 மீட்டரிலிருந்து 2,700-க்கு மேல் சில நிமிடங்களில் தூக்கிவிடுகிறது, காது அடைக்கிறது. மேலே போனால் போர். 1915 முதல் 1917 வரை இத்தாலியர்களும் ஆஸ்திரியர்களும் இந்த மலையைக் குடைந்து குடைந்து, ஒருவர் காலடியில் மற்றவர் வெடி வைத்திருக்கிறார்கள். பாறையில் தெரியும் சன்னல் போன்ற ஓட்டைகள் அவர்கள் வெட்டியவை. இந்தக் குளிரில், வாடகை பூட்ஸோ சூடான குழாயோ இல்லாமல், இரண்டரை வருடம்.

தங்கை வீட்டுக்காரர் அங்கிருந்து மறுபக்கம் எட்டரைக் கிலோமீட்டர் சறுக்கி இறங்கினார். கடைசியில் சமதளம் வந்துவிடுமாம். குதிரை வண்டிக்குப் பின்னால் நீளமான கயிறு, எல்லோரும் பிடித்துக்கொள்ள, குதிரை இழுத்துப் போகும். அந்த வீடியோவை இதுவரை ஐந்து முறை காட்டிவிட்டார்.

மாலை கோர்சோ இத்தாலியா. வண்டிகள் வராத கடைத்தெரு. மணிக்கூண்டுக்கும் கடைக் கண்ணாடிக்கும் நடுவே ஃபர் கோட்டுகள் மேலும் கீழும் நடக்கின்றன. நாய்க்கும் கோட்டு. இதில் பாதிப் பேர் ஸ்கீயைத் தொட்டிருக்கவே மாட்டார்கள் என்பது என் கணிப்பு. காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து மணி வாக்கில் எல்லாக் கோட்டுகளும் நின்றன. மலை முதலில் மஞ்சள், பிறகு பவளமல்லிக் காம்பு நிறம், பிறகு ஊதா. லதீனில் இதற்கு என்ரோசதீரா என்று தனிச்சொல்லே இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தப் பாறையெல்லாம் கடலுக்கடியில் இருந்ததாம்.

ஜனவரி 31, வெள்ளி

கடைசி வகுப்பு. ஸ்கீ அறையில் பெரியவர் எழுந்து வருவதற்குள் கையைக் காட்டித் தடுத்துவிட்டேன். ஒரு சாக்ஸ். குதிகாலைத் தட்டினேன். கணுக்கால் பக்கிள் முதலில். மூச்சு முட்ட நாலையும் பூட்டி நிமிர்ந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "பிராவா" என்றார். பிறகு பக்கிள்களைக் காட்டினார். எல்லாம் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இடது வலதை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

மறுபடியும் மண்டியிட்டார். இந்த முறை காலை இழுக்கவில்லை. அவர் எழுந்திருக்கும்போது கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டு எழுந்தார்.

சொக்ரேப்பெஸ் நீலப் பாதை, அதாவது சுலபமான சரிவு, முழுவதையும் விழாமல் இறங்கினேன். தங்கை சாட்சி. அப்புறம் ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு, குடிசைக் கடையில் கூழ்போல் கெட்டியான சாக்லேட் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு திரும்பியவள், படியில் உறைந்திருந்த பனியில் சறுக்கி உட்கார்ந்தேன். கோப்பை சிந்தவில்லை.