வயசுபோன நுளம்புதான் ஆபத்து

போன மாரிக்க அக்காட மகளுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்க இறங்க நாலு நாளா ஆஸ்பத்திரி வாங்கில குந்தி இருந்தம், ஒவ்வொரு ரிப்போட்டுக்கும் நெஞ்சு அடிச்ச அடி இன்னும் மறக்கல்ல. வீட்ட வந்த மறுகா அம்மா கேட்டா, "நாம மட்டும் வளவு கூட்டி சிரட்டை கவுத்து என்ன மனே பிரயோசனம், பக்கத்து வளவுல டயர் கிடக்கு, நுளம்புக்கு வேலி தெரியுமா?" நான் கேம்பஸ்ல கணிதம் படிச்சவன், இதுக்கு கணக்குல பதில் இருக்கு, ஆனா அண்டைக்கு இருந்த களைப்புல ஒண்டும் சொல்லல்ல.

அந்தக் கணக்கு மலேரியாவுல இருந்துதான் தொடங்குது. 1897ல இந்தியாவுல சிகந்தராபாத்ல வச்சு மலேரியா கிருமிய நுளம்புட வயித்துக்க கண்டவர் டாக்குத்தர் ரொனால்ட் ரோஸ். மறுகா அவர் சமன்பாடு எழுதி சொன்ன விசயம்தான் எனக்கு பெருசு: மலேரியா ஒழிய ஊர்ல உள்ள எல்லா நுளம்பும் சாகத் தேவையில்ல, ஒரு அளவுக்கு கீழ இறங்கினா போதும், ஏனெண்டா ஒரு நோயாளிட்ட இருந்து சராசரியா ஒராளுக்கும் குறைவா தொத்தினா நோய் தானா வத்திரும்.

1950கள்ல மலேரியா ஆராய்ச்சியாளர் ஜோர்ஜ் மக்டோனல்ட் இதுக்கு மேல ஒண்டு காட்டினார். நோயாளிய கடிச்ச நுளம்பு அடுத்த நாளே நோயைக் குடுக்க ஏலாது, கிருமி அதுட உடம்புக்க வளந்து எச்சில் சுரப்பிக்கு வர கிட்டத்தட்ட 10 நாள் எடுக்கும், அதுவரைக்கும் அது உசிரோட இருக்கணும். 100 நுளம்புல ஒவ்வொரு நாளும் பத்துக்கு ஒண்டு செத்தா 10 நாள் முடிய 35 மிஞ்சும். பத்துக்கு ரெண்டு செத்தா மிஞ்சுறது 11 மட்டும்! நாளாந்தச் சாவு கொஞ்சம் கூடினாலே நோய் பரப்புற வயசுக்கு வாற நுளம்பு மூண்டுல ஒண்டாயிடுது. ரத்தம் குடிச்சிட்டு செவத்துல இருக்கிற மலேரியா நுளம்புக்கு செவத்துக்கு மருந்தடிச்சது பலிச்சதும் இதாலதான். 1963ல முழு இலங்கைக்கும் 17 மலேரியா நோயாளிதான். மருந்தடிக்கிறத நிப்பாட்டின மறுகா 68, 69ல லட்சக்கணக்குல திரும்பி வந்திச்சு. 2016லதான் மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று தந்திச்சு.

டெங்கு நுளம்பு வேற சாதி. பகல்ல கடிக்கும், அலுமாரிக்குப் பின்னால, கொழுவி வச்ச உடுப்புக்க ஒளிச்சிருக்கும், அதால ரோட்டுல புகை அடிச்சிட்டுப் போனா அதுக்கு பெருசா படாது, பட்டாலும் ஒரு கிழமைக்க புதுசு பொரிச்சு வந்திரும். முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டி மாசக்கணக்கா காஞ்சு கிடந்து மழைத்தண்ணி பட்டதும் பொரிக்கும், முட்டையில இருந்து பறக்க 7 தொடக்கம் 10 நாள். கிழமைக்கு ஒருக்கா தேச்சுக் கழுவச் சொல்றது இதுக்குத்தான், சும்மா ஊத்திக் கவுத்தா முட்டை போகாது.

அம்மாட கேள்விக்கு வாறன். நுளம்புக்கு வேலி தெரியாதுதான், ஆனா இந்த நுளம்பு கனதூரம் போறதும் இல்ல, பிறந்த இடத்த சுத்தித்தான் திரியும். எங்கட வளவுல பிறக்கிறது கூடுதலா கடிக்கிறது எங்களையும் பக்கத்து வீட்டாக்களையும்தான். ஊரே துப்பரவாகும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, எங்கட பத்து வீட்டுல நுளம்பு அந்த அளவுக்கு கீழ இறங்கினாலே இந்த ஒழுங்கைக்க தொத்துறது குறையும்.

நேத்து பீலிக்க கிடந்த சருகை அள்ளிட்டன். ஞாயித்துக்கிழமை அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு மாமிட்டப் போய் அந்த டயரக் கேட்டு எடுக்கப் போறம்.