ஆசனத்துக்கு முன்னால் இரண்டு படிகள்

யோகா வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னால் உடனே வருகிற கேள்வி, "எடை குறைஞ்சுதா?" இல்லையென்றால் "முதுகுவலி போச்சா?" கேட்பதில் தப்பே இல்லை. நானும் முதுகுவலிக்காகத்தான் போய்ச் சேர்ந்தேன், வலி குறையவும் செய்தது. ஆனால் அதோடு போதும் என்று நிறுத்திக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. திண்ணை வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்குள் வராமலே திரும்பிப் போகிறார்களே என்று இருக்கிறது.

யோகத்துக்கு மூலநூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள், அதாவது சின்னச் சின்ன வாக்கியங்கள் (சில பதிப்புகளில் 196). ஆசனத்தைப் பற்றி அதில் நேரடியாகப் பேசுவது மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் ஒரு ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது, உட்காருவது அசையாமல், சுகமாக இருக்கட்டும் என்பதோடு சரி. அப்புறம் வந்த ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல் பதினைந்து ஆசனங்களைச் சொல்லிக்கொடுக்கிறது, ஆனால் இதெல்லாம் ராஜயோகத்துக்காக, அதாவது மனத்தை அடக்கும் யோகத்துக்காக மட்டுமே என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது.

நம் திருமூலரிடம் வந்தால் எனக்கு இன்னும் தெளிவாகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களை வரிசையாகச் சொல்கிறார்: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. நாம் யோகா என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் படியான இயமத்தில், அதாவது தீயதை விலக்கும் ஒழுக்கத்தில், நிற்பவன் எப்படி இருப்பான் என்று கேட்டால் அவர் சொல்வது இது:

கொல்லான்பொய் கூறான் களவிலான் எண்குணன்
நல்லான் அடக்க முடையான் நடுச்செய்ய
வல்லான் பகுத்துண்பான் மாசிலான் கட்காமம்
இல்லான் இயமத் திடையில்நின் றானே.

இதில் 'பகுத்துண்பான்' என்று வருகிற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைப்பதற்கு முன்னால், இருக்கிற சாப்பாட்டைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து சாப்பிடு என்கிறார்! இதை நீதிபோதனை என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது சுத்தமான செய்முறைக் குறிப்பாகத்தான் படுகிறது. யாரிடமாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள், மூச்சு எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று எதுவும் தெரியாது, அந்தப் பொய்தான் வந்து எதிரே உட்காரும், அதைக் காப்பாற்ற அடுத்து என்ன சொல்லலாம் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்தில் வஞ்சம் வைத்துக்கொண்டு தியானம் செய்வது நடக்காத காரியம். பதஞ்சலியும் மனம் தெளிவதற்கு இதையே ஒரு வழியாகச் சொல்கிறார்: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லவரைக் கண்டால் மகிழ்ச்சி, கெட்டவர் விஷயத்தில் மனம் கொதிக்காமல் விலகி நிற்பது. இந்த முதலாவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். நம்மைவிட நன்றாக இருக்கிற சொந்தக்காரரை நினைத்து ஒரு நிமிஷம் மனசாரச் சந்தோஷப்படுவது எந்தச் சிரசாசனத்தையும்விடக் கடினம் என்பேன்.

ஐந்தாவது படி பிரத்தியாகாரம், புலன்கள் வழியே வெளியே ஓடும் மனத்தை உள்ளே திருப்புவது. பேரைக் கேட்டால் ஏதோ பெரிய சமாச்சாரம் போலத் தோன்றும், ஆனால் உட்காருகிற பழக்கம் கொஞ்சம் வந்தவர்களுக்கு இது தெரிந்த அனுபவம்தான். காலையில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. வழக்கமாக அந்த விசில் உடனே நம் வீட்டு அடுப்புக்கு, அங்கிருந்து மதியச் சமையலுக்கு, அங்கிருந்து நேற்று வாங்க மறந்த பருப்புக்கு இழுத்துக்கொண்டு போகும். சில நாள் அப்படி நடப்பதில்லை. விசில் கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது, ஆனால் அதன் பின்னால் யாரும் ஓடவில்லை. காது திறந்தே இருக்க, கவனம் மட்டும் உள்ளே நிற்கிறது. 'கண்டுகண் டுள்ளே கருத்துற வாங்கிடில் கொண்டுகொண் டுள்ளே குணம்பல காணலாம்' என்று திருமூலர் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். அப்போது, விசிலைக் கேட்டது யார், ஓடாமல் நின்றது யார் என்ற கேள்வி தானாக வருகிறது. யோகம் எதற்கு என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. மனத்தின் அலைச்சல் அடங்கும்போது பார்ப்பவன் தன் இயல்பில் நிற்கிறான் என்று பதஞ்சலி மூன்றாவது சூத்திரத்திலேயே சொல்லிவிடுகிறார், மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி.

இதனால் உடம்பு முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பை முன்பு இழுக்கு என்று நினைத்திருந்தேன் என்று ஒப்புக்கொண்ட திருமூலரே, 'உடம்புளே உத்தமன் கோயில்கொண் டான்என்று உடம்பினை யானிருந் தோம்புகின் றேனே' என்று முடிக்கிறார். ஆகவே ஆசனத்தை ஒழுங்காகச் செய்யுங்கள், முட்டிவலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பெரும்பாலான வகுப்புகளில், கடைசியில் மல்லாந்து அசையாமல் படுத்திருக்கிற சவாசனம் முடிந்த கையோடு பாயைச் சுருட்டி, போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். மூச்சு நிதானமாக ஓடுகிற, மனசு லேசாக இருக்கிற நேரம் அது, உட்காருவதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. ஒரு பத்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் அவரும் கூடவே உட்காருவார்.