சார் நதிக்கரை, ஜெர்மனி, ஏப்ரல் 2024

18 ஏப்ரல், சார்புர்க்

அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மதியம் அய்ல் ஊர்ப் பக்கம் நடந்தேன். குப் மலைச்சரிவில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகள் துளிர்த்துவிட்டன. இந்த வருஷம் முன்கூட்டியே வெயில் வந்துவிட்டதால் துளிரும் சீக்கிரம். மண் என்று பார்த்தால் எல்லாம் சிலேட்டுச் சில்லுகள், கால் வைத்தால் சரசரவென்று சறுக்குகிறது. பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குத் திருப்பித் தருவது இந்தக் கல்தான். இத்தனை வடக்கே திராட்சை பழுக்க வேண்டுமென்றால் கல்லும் வேண்டும், தெற்கு பார்த்த சரிவும் வேண்டும். அப்படியும் அறுவடைக்கு அக்டோபர் ஆகிவிடும்.

19 ஏப்ரல்

அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு மை வைத்த விரலைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். அப்பாவையும் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்களாம். ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

20 ஏப்ரல்

ரயிலும் பஸ்ஸும் மாறி மோசல் கரையில் பெர்ன்காஸ்டல்-கூஸ் போனேன். அங்கே பார்க்க நினைத்தது புனித நிக்கோலஸ் இல்லம் ஒன்றைத்தான். கூஸில் படகுக்காரர் ஒருவருக்கு 1401-ல் பிறந்து கார்டினலாக உயர்ந்த நிக்கோலஸ், சொந்த ஊரில் முதியவர்களுக்காகக் கட்டி வைத்தது. முப்பத்து மூன்று பேருக்கு இடம். ஏசு வாழ்ந்த வருஷங்களின் கணக்கு அது. நிக்கோலஸின் உடல் ரோமில் இருக்கிறது, இதயத்தை மட்டும் இந்த இல்லத்தின் சிற்றாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். இல்லத்துக்கென்றே திராட்சைத் தோட்டங்கள் உண்டு. இன்றும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். தாழ்வாரத்தில் ஒரு பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னதும் தலையை அசைத்தார். அவருக்கு யாராவது தினமும் போன் செய்வார்களா? சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட யாராவது வருவார்களா? அப்பாவுக்கு அந்தப் பித்தான் எப்போதும் போட்டிருக்க வேண்டும். இப்போது அவராகப் போட முடியவில்லை.

திரும்பும்போது ஆலங்கட்டி மழை.

21 ஏப்ரல்

குளிர். வெளியே போகவில்லை. ராத்திரி வீட்டுக்காரம்மா தன் மகன் தோட்டத்து கபினெட் என்ற லேசான ஒயின் ஒரு கிளாஸ் கொடுத்தார். எட்டு சதவீத ஆல்கஹால்தான். முதலில் லேசான இனிப்பு, உடனே நாக்கின் இரண்டு பக்கமும் புளிப்பு வெட்டுகிறது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம். இங்கே ராத்திரிகள் குளிர்வதால்தான் காயின் புளிப்பு கரையாமல் நிற்கிறது என்றார். அந்தக் குளிரேதான் இப்போது அவருக்குப் பயம். சொல்லிக்கொண்டே நாலு தடவை எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

நான் போனைப் பார்த்தேன்.

22 ஏப்ரல்

வானம் துடைத்துவிட்டது. மேகம் இருந்தால் தேவலை என்கிறார்கள். காற்றும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி அடிவாரத்தில் தேங்கிவிடும். மேல் சரிவு தப்பிக்கலாம், ஆற்றோரத் தோட்டத்துக்கு வழியில்லை. தூங்குகிற கொடி மைனஸ் பதினைந்தைக்கூடத் தாங்கும். துளிர் அப்படியில்லை, உள்ளே முழுக்க நீர், உறைந்தால் கருகிவிடும்.

வீட்டுக்காரம்மாவின் மகன் அடிவாரத் தோட்டத்துக்கு, வரிசைகளுக்கு நடுவே கொளுத்திச் சூடேற்ற, பாரஃபின் மெழுகு வாளிகளை ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போய் இறக்கிக் கொடுத்தேன். எல்லா வரிசைக்கும் போதாது. எந்த வரிசையை விடுவது என்று அம்மாவும் மகனும் இருட்டில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

தூக்கம் வரவில்லை. ஊரில் இந்நேரம் விடிந்திருக்கும்.

23 ஏப்ரல்

மைனஸ் மூன்று.

காலையில் ஒன்றும் தெரியவில்லை, துளிர்கள் பச்சையாகவே இருந்தன. பிழைத்துவிட்டது என்று நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா பதில் சொல்லவில்லை. பத்து மணி வெயிலுக்கு வெந்நீரில் போட்ட கீரை மாதிரி துவண்டு, மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிட்டது. நெருப்பு வைத்த வரிசைகளிலும் பாதிதான் மிஞ்சியது. குளிர்காலம் முழுக்க வெட்டி, வளைத்துக் கட்டிய கொடிகள்.

அவர் அழவில்லை. சூப் வைத்தார். நான் அறைக்கு வந்து அழுதேன், எதற்கென்று தெரிந்துதான் அழுதேன்.

24 ஏப்ரல்

நேற்று ராத்திரியும் உறைபனி.

மாத்திரை வாங்க ட்ரியர் போனேன். கார்ல் மார்க்ஸ் பிறந்த வீட்டு வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை. 1843 ஜனவரியில், இருபத்து நாலு வயதில், மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றி அவர் பத்திரிகையில் எழுதினார். பிரஷ்யாவின் சுங்க ஒன்றியம் 1834-ல் வந்து, தெற்கு ஒயின்கள் உள்ளே நுழைந்து, இவர்கள் சரக்கு விலை போகாமல் தேங்கிக் கிடந்த காலம். அதிகாரிகள் குறையை விவசாயிகள் மேலேயே போட்டார்கள். அவர் அதை எதிர்த்து எழுதினார். சில வாரங்களில் பத்திரிகையையே அரசு மூடிவிட்டது. உழைத்தவனைப் பார்த்து உன் கணக்குதான் தப்பு என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்று அடக்க முடியாத கோபம்.

அக்காவிடம் கிளம்பி வரட்டுமா என்று கேட்டேன். "நீ வந்து என்ன பண்ணப் போறே, ரிப்போர்ட் வரட்டும்" என்றாள். குரல் சரியில்லை.

25 ஏப்ரல்

வீட்டுக்காரம்மா கருகிய துளிரை விலக்கி, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணை மொட்டைக் காட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அது விழிக்கும், ஆனால் காய் குறைவு, பழுப்பதும் தாமதம். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போச்சு. எல்லாக் கொடியிலும் இருக்குமா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க ஆரம்பித்தோம். மூன்று வரிசை முடிந்தது, நாலாவதில்

அக்கா அழைக்கிறாள்.