மேடையில் ஊளையிடும் கிட்டார்

மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன் கல்யாண வரவேற்புக்கு உள்ளே பாதி வெற்றிடமான செமி ஹாலோ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று எங்கள் வட்டாரத்தில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. மேடை சின்னது, சத்தம் பெரியது, சுற்றிலும் எங்கள் சத்தத்தை எங்களுக்கே கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர். அதன் நடுவே எஃப் வடிவத் துளை போட்ட மரப்பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றால் அது ஊளையிடாமல் வேறென்ன செய்யும் என்பார்கள். எங்கள் குழுத் தலைவர் இன்றைக்கும் சொல்கிறார்: “அந்தப் பெட்டிய வீட்லயே வச்சுட்டு வாயேன்பா.” நான் கேட்பதில்லை. பழைய டூயட்டுகளில் குரலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிற கார்டு எனும் ஸ்வரக் கொத்துகளுக்கு, திட மரக் கிட்டாரில் கிடைக்காத ஒரு மூச்சு இதில் இருக்கிறது. அந்த மூச்சு வருகிற வழியாகத்தான் ஊளையும் வருகிறது. ஒன்றை விடாமல் மற்றதை அடக்குவதே என் வேலையில் பாதி.

ஃபீட்பேக் என்கிற இந்த ஊளை பிறக்கும் விதம் எளிமையானது. கம்பியின் அதிர்வை பிக்கப் மின்சாரமாக்குகிறது, ஆம்ப் அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலி காற்று வழியே திரும்பி வந்து மேற்பலகையையும் கம்பியையும் மறுபடி அசைக்கிறது. அந்த அசைவு போதிய வலுவோடும் சரியான நேரத்திலும் வந்து சேர்ந்தால், ஊஞ்சலைத் தருணம் பார்த்துத் தள்ளுவதுபோல, ஒலி தானாகவே வளரும். வலு, நேரம் இரண்டில் ஒன்று தவறினாலும் ஊளை வராது. பெரும்பாலானவர்கள் வலுவை மட்டுமே பார்க்கிறார்கள். ஊளை வந்ததும் கை வால்யூம் திருகுக்குப் போகிறது, அல்லது சவுண்ட்காரரைப் பார்த்துக் கத்துகிறார்கள். நேரத்தையும் கலைக்கலாம் என்பது தோன்றுவதில்லை.

இந்தக் கிட்டாரின் பிறப்பே ஊளையோடு நடந்த சண்டையில்தான். கிப்ஸன் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த இ.எஸ். 150 முழுக்க உள்ளீடற்ற பெட்டி. அதைப் பெரிய ஆம்ப்போடு சேர்த்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்து ஜாஸ் கலைஞர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 1940-களின் தொடக்கத்தில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நாலங்குலப் பைன் கட்டை ஒன்றில் கம்பிகளைக் கட்டி, பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று ஓர் எபிஃபோன் உடலை இரண்டாக அறுத்து இரு பக்கமும் சிறகாக ஒட்டினார். 1958-இல் கிப்ஸனின் இ.எஸ். 335 வந்தபோது ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் முறையான வடிவத்தில் வந்தது: நடுவில் கழுத்திலிருந்து வால்வரை மேப்பிள் கட்டை, இரு பக்கமும் வெற்றுச் சிறகு. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் நடுக்கட்டைமீது உட்கார்ந்திருப்பதால் அவை எளிதில் ஆடுவதில்லை. சிறகுகள் மட்டும் காற்றோடு பேசிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 1961-இல் வந்த எபிஃபோன் கஸீனோ வெளித்தோற்றத்தில் 335-இன் தம்பி மாதிரியே இருக்கும். உள்ளே கட்டை கிடையாது, முழு வெற்றுப் பெட்டி. நண்பர் ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அதே பாணியிலான ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வீட்டில் தேன். முதல் கோயில் திருவிழா மேடையிலேயே அதைப் பெட்டியில் வைத்துவிட்டு கீபோர்டுக்காரரிடம் கிட்டார் பிட்டுகளை வாசிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

மேடைக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது தரையை. பல மண்டபங்களில் பலகை அடித்து, மேலே சிவப்புக் கம்பளம் விரித்த மேடைதான் இருக்கும். அதன்மேல் ஆம்ப்பை நேரே வைத்தால் பலகையே இன்னொரு ஸ்பீக்கராகிவிடும், கீழ்ச்சுருதி கால் வழியாக ஏறும். அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, ஆம்ப்பை அதன்மேல் கொஞ்சம் சாய்த்து, என் காதைப் பார்க்கும்படி வைக்கிறேன். சத்தம் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வருவதால் வால்யூம் தானாகவே இறங்குகிறது. நாற்காலி கொடுக்கச் சமையல் கான்ட்ராக்டருக்கு மனசு வராது, அது வேறு கதை.

அடுத்தது யார் பக்கத்தில் நிற்பது என்பது. பேஸ் கிட்டார்காரரும் நானும் ஒட்டி நிற்பதுதான் வழக்கம், தாளம் பிடிக்க வசதி. ஆனால் அவருடைய ஸ்பீக்கர் கேபினெட் ஏ ஸ்வரத்தில் ஓர் உறுமல் உறுமினால், நான் தொடாமலே என் ஐந்தாம் கம்பி அதிரத் தொடங்கும். அது ஃபீட்பேக் அல்ல, ஃபீட்பேக்குக்குப் போடும் பிள்ளையார் சுழி. அதை என் ஆம்ப் பிடித்துக்கொண்டால் மீதியைச் சுற்று பார்த்துக்கொள்ளும். இப்போதெல்லாம் கீபோர்டு பக்கமாக ஒதுங்கி நிற்கிறேன். பேஸ்காரருக்கு முதலில் வருத்தம், காரணம் சொன்ன பிறகு சரியாகிவிட்டது.

மானிட்டர் விஷயத்தில் சவுண்ட்காரரோடு பேசுவது ஒரு தனிக் கலை. அவர் அன்றைக்கு மதியம் லாரியிலிருந்து பெட்டி இறக்கியதிலிருந்து நின்றுகொண்டிருப்பவர். போனதும் “அந்தச் சுருதியக் குறைங்க, இந்த பேண்ட வெட்டுங்க” என்று ஆரம்பித்தால் முகம் திரும்பிவிடும். நான் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, என் மானிட்டர்ல கிட்டாரே வேணாம். பாட்டும் கீபோர்டும் போதும்.” எல்லாரும் தன் சத்தத்தைக் கூட்டச் சொல்கிற இடத்தில் ஒருவன் குறைக்கச் சொன்னால் அவருக்கு உடனே பிடித்துப்போகிறது. அடுத்து நான் என்ன கேட்டாலும் செய்கிறார். கிட்டார் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்வேன். ஆறாம் கம்பியின் அடிச்சுருதி 82 ஹெர்ட்ஸ், அது மெலியும். ஆனால் அந்த இடத்தில் பேஸும் கிக் டிரம்மும் இருக்கின்றன, சபையில் யாருக்கும் குறை தெரியாது. மேடைக்கு அடியில் வைத்திருக்கும் சப் ஸ்பீக்கரிலிருந்து என் ஒலி எனக்கே திரும்பி வருவது நிற்கிறது.

ஒலியைச் சுருதிவாரியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைஸரைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது என் கட்சி. என் கிட்டார் சிக்குவது பெரும்பாலும் ஏ-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவில், 110-லிருந்து 117 ஹெர்ட்ஸ் வரை. 31 பேண்ட் கிராஃபிக் ஈக்வலைஸரில் 100 இருக்கிறது, அடுத்தது 125. என் ஊளை இரண்டுக்கும் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடிக்க இரண்டு ஸ்லைடரையும் இறக்கினால் ஊளையோடு சேர்ந்து கிட்டாரின் அடிவயிறும் போய்விடும். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் 113 பக்கம் குறுகலாக ஒரு வெட்டு, மூன்று நான்கு டெசிபெல் போதும். அது இல்லாத இடத்தில் நான் நகர்ந்துவிடுகிறேன்.

நகர்வது என்றால் கணக்கோடு. நம்மூர் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. 110 ஹெர்ட்ஸுக்கு ஓர் அலையின் நீளம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல், அதில் பாதி ஒன்றரை மீட்டர் சொச்சம். ஆம்ப்பிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிப்போனால், தள்ள வேண்டிய நேரத்தில் வந்த அலை இழுக்கிற நேரத்தில் வந்து சேரும், அந்தச் சுருதியில் ஊளை விழுந்துவிடும். மண்டபச் சுவர்கள் எதிரொலிப்பதால் கணக்கு அச்சாக வராது. வேறொரு சுருதி அதே இடத்தில் கிளம்பவும் செய்யும். ஆனாலும் சவுண்ட் செக்கில் வால்யூமை மெதுவாக ஏற்றிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்து பார்த்தால், அமைதியான இடம் ஒன்று எப்படியும் கிடைக்கும். அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுவேன். ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி நின்றால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கீச்சுக்கு அது உதவும். மூன்று மீட்டர் நீள அலைக்கு என் உடம்பு ஒரு தடையே இல்லை.

சவுண்ட் செக் நடக்கும்போது மண்டபம் காலி. ஏழு மணிக்குமேல் ஆயிரம் பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசுவார்கள், அதைத் தாண்ட பாடகர் கூட்டச் சொல்வார், டிரம்மர் ஓங்கி அடிப்பார், நானும் ஏற்றுவேன். அதனால் செக்கில் ஊளையின் விளிம்புவரை போய் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஏற்ற இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

சினிமாப் பாட்டு வாசிப்பதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் புல்லாங்குழல் பிட், வயலின் பிட் என்று போகும், கிட்டாருக்கு வேலை இருக்காது. வாசிக்காமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் கிட்டார் ஊளையிடும். கை கம்பியை விட்டிருக்கும். கம்ப்ரஸர் பெடல் போட்டிருந்தால் அது சின்னச் சத்தத்தைத் தேடித்தேடிப் பெரிதாக்கும். குழல் வாசிக்கிறவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வை நமக்குத் தேவையில்லை. வாசிக்காதபோது இடது உள்ளங்கை கம்பிகள்மேல், வலது சுண்டுவிரல் வால்யூம் திருகில். இது அனிச்சையாக வர வேண்டும். கம்ப்ரஸரை நான் விட்டுவிட்டேன், கால் வால்யூம் பெடல் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வட்டாரத்தில் புதிதாக வந்த பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, நாய்ஸ் கேட் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுதே?”

“சும்மா நிக்கிறப்ப கேட் மூடிக்கும், சரி. நீ ஒரு நோட்ட நீட்டிப் பிடிக்கிறப்ப?”

யோசித்தான். நீளமான நோட்டு ஒலிக்கும்போது கேட் திறந்துதான் இருக்கும், ஊளையும் அதோடு உள்ளே வந்துவிடும். அவன் கிட்டாரை வாங்கிப் பார்த்தால் பிரச்சினையே வேறு. அது கீழ்ச்சுருதி உறுமல் இல்லை, விசில் மாதிரி ஒரு கீச்சு, கம்பியை முழுக்க அமுக்கினாலும் நிற்கவில்லை. கம்பியை அமுக்கினால் அடங்குகிற ஊளை கம்பியும் பெட்டியும் செய்வது. அடங்காத கீச்சு என்றால் பெரும்பாலும் பிக்கப்பின் சுருளே தளர்ந்து மைக் மாதிரி வேலை செய்கிறது என்று அர்த்தம். இதற்கு எந்தப் பெடலும் உதவாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மெழுகில் முக்கி எடுக்கச் சொன்னேன். பாரஃபின் மெழுகைச் சுமார் 65 டிகிரியில் உருக்கி, பிக்கப்பை அதில் ஊறவிட்டால் சுருளின் இடுக்குகளில் மெழுகு இறங்கி உறைந்துவிடும். சூடு மிஞ்சினால் சுருளைச் சுற்றியிருக்கும் பாபின் நெளிந்துபோகும், அதனால் வீட்டு அடுப்பில் பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

எஃப் துளையை அடைப்பது பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் தன் கிட்டாருக்குள் துணி திணித்து வாசித்தவர். 1980-இல் கிப்ஸன் அவர் பெயரில் வெளியிட்ட லூசில் கிட்டாரில் எஃப் துளையே கிடையாது. நான் கறுப்பு ஃபோமை வெட்டி உள்ளே செருகுகிறேன். எடுக்கச் சுலபமாக ஒரு நூல் கட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் உள்ளே விழுந்து இரும்புக் கம்பியைக் கொக்கியாக வளைத்து ராத்திரி ஒரு மணிக்குத் துழாவ வேண்டியிருக்கும். அடைத்தால் செமி ஹாலோ எதற்கு என்று கேலி செய்வார்கள். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் வித்தியாசம் நிச்சயம் தெரியும். மேடைச் சத்தத்தில், பத்து வாத்தியங்களுக்கு நடுவில், எனக்குத் தெரிந்ததில்லை. ஊளை கிளம்பும் எல்லை மட்டும் கண்கூடாகத் தள்ளிப்போகிறது.

இப்போது பாதிப் பேர் ஆம்ப்பே கொண்டுவருவதில்லை. தரையில் ஆம்ப்பின் ஒலியைப் போலச்செய்யும் ஒரு மாடலர் பெட்டி, காதில் இயர்போன். ஊளைக்கு அநேகமாக வழியே இல்லை. பெட்ரோல் செலவும் முதுகுவலியும் மிச்சம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெதுவான பாட்டின் கடைசியில் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு ஆம்ப்பை நோக்கி அரை அடி சாய்ந்தால், தேய வேண்டிய நோட்டு தேயாமல் நின்று, பிறகு மெல்ல ஓர் எட்டாம் ஸ்வரம் மேலே தாவும். அதைக் காதுக்குள் அடைத்த இயர்போன் தராது. அதற்காகவே டேப்பில் இரண்டாவது குறி ஒன்றும் போடுகிறேன்: அமைதியான இடத்துக்கு ஒன்று, ஊளை இனிமையாக வருகிற இடத்துக்கு ஒன்று.

எல்லா மேடைக்கும் இதே பிடிவாதம் இல்லை. திறந்த வெளியில் திருவிழாக் கச்சேரி என்றால் சுவர் கிடையாது, பயமில்லாமல் எடுத்துப் போகிறேன். தகரக் கூரை, கிரானைட் தரை, மேடைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் என்று தெரிந்தால் தலைவர் சொல்வதற்கு முன்னாலேயே திட மரக் கிட்டார்தான். அதனால்தான் தேதி சொல்லி அவர் போன் செய்யும்போது நான் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, எந்த மண்டபம் என்று.