யூனியன் கார்டு நம்பர் 9 வச்சிருந்த பிசாசு

போரிஸ் கார்லாஃப்னு பேர் சொன்னா நம்மள்ல பாதி பேருக்கு யாருன்னு தெரியாது, ஆனா மூஞ்சிய காட்டினா எல்லாருக்கும் தெரியும். தட்டை மண்டை, பாதி மூடின கண்ணு, கழுத்துல ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கற இரும்பு. டீ ஷர்ட்ல, கார்ட்டூன்ல, பொம்மைல, எங்க பாத்தாலும் இருக்கற மூஞ்சி அது. பேய்ப்பட நடிகர்கள பத்தி எழுதறவங்க நெறைய பேரு அவங்க எவ்ளோ பயமுறுத்துனாங்கன்னு எழுதுவாங்க. எனக்கு கார்லாஃப் மேல இருக்கற பாசமே வேற காரணத்துக்காக. அந்தாளு கடைசி வரைக்கும் நடிப்ப ஒரு வேலையா பாத்தாரு, கூலிக்கு செய்யற வேலையா. அந்த வேலைக்கு மரியாதை குடுத்தாரு, அந்த கூலிக்காக சண்டையும் போட்டாரு. அத தான் இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு.

நெஜப் பேரு வில்லியம் ஹென்றி ப்ராட். 1887 நவம்பர் 23, லண்டன்ல கேம்பர்வெல் ஏரியால பொறந்தவரு. குடும்பம் ஆங்கிலோ இந்திய வழி, அப்பா நம்ம நாட்டுல பிரிட்டிஷ்காரன் நடத்துன உப்பு இலாகால உத்தியோகம் பாத்தவரு. அண்ணன்மாருங்க எல்லாம் அரசாங்க உத்தியோகம், அதுல ஒருத்தரு தூதரக அதிகாரியா போயி சர் பட்டமே வாங்குனாரு. இவரையும் அந்த வழியிலயே தள்ளப் பாத்தாங்க. இவரு பிடி குடுக்காம 1909ல கப்பலேறி கனடாவுக்கு போயிட்டாரு. அங்க மொதல்ல பண்ணைல கூலி வேலை, அப்புறம் கெடைச்ச வேலை எல்லாம், அதுக்கப்புறம் ஊர் ஊரா போயி நாடகம் போடற கம்பெனிங்க. ப்ராட்ங்கற பேரு மேடைக்கு சரியா வராதுன்னு போரிஸ் கார்லாஃப்னு மாத்திக்கிட்டாரு.

அப்படியே சுத்தி சுத்தி ஹாலிவுட் வந்து சேர்ந்தாரு. வந்த ஒடனே கதவு தொறந்துடல. ஊமைப்பட காலத்துல வருஷக்கணக்கா கூட்டத்துல ஒருத்தன், நாலு அடியாள்ல ஒருத்தன், இப்படித்தான். இந்திய ரத்தம் இருந்ததால தோல் நெறம் கொஞ்சம் மாநிறம், அதனால அரபுக்காரன் வேணுமா, மெக்சிகோக்காரன் வேணுமா, இந்தியாக்காரன் வேணுமா, கூப்புடு கார்லாஃப! 1921ல வந்த ஒரு சீரியல் படத்துல நம்மூர் கோயில் பூசாரி வேஷம்கூட போட்டிருக்காரு. தன்னோட பூர்வீகத்த பத்தி வெளிய அவரு அதிகமா பேசிக்கிட்டதே இல்ல. அந்தக் கால அமெரிக்கால அத சொல்லிட்டு ஒரு வெள்ளக்கார ஹீரோவுக்கு அண்ணனாக்கூட நடிச்சிருக்க முடியாது, அத நெனைச்சா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

நடுவுல சுத்தமா சான்ஸ் இல்லாதப்ப லாரி ஓட்டியிருக்காரு. வெறும் ஓட்டறது மட்டும் இல்ல, கட்டட சாமான், சிமெண்ட் மூட்டைன்னு ஏத்தறது எறக்கறது எல்லாம் இவரே தான், அதுவும் அப்ப முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. அந்த கஷ்ட காலத்துல ஒரு நாளு லான் சேனி (ஊமைப்பட காலத்துல வேஷம் போடறதுல பெரிய ஆளு, ஆயிரம் முகம் கொண்டவர்னே அவருக்கு பேரு) இவர வழில பாத்து கார்ல ஏத்திக்கிட்டு போனாராம். போற வழில, வேற யாராலயும் செய்ய முடியாத இல்லனா வேற யாரும் செய்ய விரும்பாத ஒண்ண கண்டுபுடிச்சு அத நீ செய்னு யோசனை சொன்னாராம். கார்லாஃப் பின்னாடி பல தடவ இத சொல்லியிருக்காரு.

அந்த ஒண்ணு 1931ல வந்துச்சு. அப்ப அவருக்கு வயசு 43. அதுக்குள்ள எழுவது எண்பது படம் நடிச்சு முடிச்சாச்சு, யாருக்கும் பேரு தெரியாது. யுனிவர்சல் ஸ்டுடியோ கேண்டீன்ல சாப்ட்டுக்கிட்டு இருந்தவர டைரக்டர் ஜேம்ஸ் வேல் பாத்துட்டு, அந்த மூஞ்சியோட எலும்பு அமைப்பு புடிச்சு போயி, ஃபிராங்கன்ஸ்டைன் படத்துல (பொணங்களோட பாகங்கள சேத்து தைச்சு ஒரு டாக்டர் உயிர் குடுக்கற கதை) வர்ற அந்த உருவத்துக்கு டெஸ்ட் எடுக்க கூப்ட்டாரு. ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சதும் மேக்கப்மேன் ஜாக் பியர்ஸும் இவரும் உக்காந்து மூஞ்சிய உருவாக்குனாங்க. இப்ப மாதிரி ரப்பர் மாஸ்க் கெடையாது. பஞ்சு, கொலோடியன்னு ஒரு பசை, இத ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அடுக்கி தெனமும் புதுசா மண்டை கட்டணும். மண்டைய தொறந்து மூளைய வைக்கற டாக்டர் சுலபமான வழியா மேல நேரா வெட்டி மூடி மாதிரி தானே தொறப்பான்னு பியர்ஸ் யோசிச்சாரு, அதனால தான் அந்த தட்டை மண்டை. கண்ணு ரொம்ப உயிரோட தெரியுது, இப்பத்தான் பொறந்த ஒருத்தனுக்கு இவ்ளோ தெளிவு இருக்கக்கூடாதுன்னு சொன்னது கார்லாஃப், அதுக்காக இமை மேல மெழுகு வச்சு கனமாக்குனாங்க. வாய்ல ஒரு பக்கம் கழட்டி மாட்டற பல்லு செட் வச்சிருந்தாரு, அத கழட்டிட்டா கன்னம் உள்ள போயிடும், பொணம் மாதிரியே இருக்கும், அதையும் யூஸ் பண்ணிக்கிட்டாங்க. தெனமும் மேக்கப்புக்கு மட்டும் நாலு மணி நேரம்! அப்புறம் சாயங்காலம் பிரிச்சு எடுக்கறது தனி நரகம்.

இது மூஞ்சி மட்டும் தான். ஒடம்புக்கு உள்ள பஞ்சு வச்சு தைச்ச கனமான துணி, அதுக்கு மேல கோட்டு, கால்ல ஒவ்வொண்ணும் அஞ்சாறு கிலோ வர்ற பூட்ஸ். ஷூட்டிங் நடந்தது ஆகஸ்ட், செப்டம்பர், கலிஃபோர்னியா வெயில். இதோட ஸ்டுடியோ லைட் சூடு வேற.

இவ்ளோத்துக்குள்ளயும் நடிச்சிருக்காரு பாருங்க, அது தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். வசனம் கெடையாது, உறுமல் மட்டும். மொதல் தடவ அந்த உருவம் வெளிச்சத்த பாக்கற சீன் ஒண்ணு இருக்கு. டாக்டர் மேல இருக்கற கூரைய தொறந்து விடறாரு, வெளிச்சம் மேல விழுது, இவரு மெதுவா நிமிந்து பாக்கறாரு, ரெண்டு கையும் தானா மேல போகுது, வெளிச்சத்த எட்டிப் புடிக்க. அப்புறம் கூரைய மூடிடறாங்க. கை கீழ வருது, உள்ளங்கை மேல பாத்த மாதிரி டாக்டர் பக்கம் நீளுது, எங்க போச்சு அது, குடு அதன்னு கேக்கற மாதிரி. அந்த வெரல்கள மட்டும் கவனிச்சு பாருங்க. நான் இந்த சீன எத்தனையோ தடவ பாத்துட்டேன், ஒவ்வொரு தடவயும் தொண்டைய அடைக்குது.

ஏரிக்கரைல ஒரு சின்னப் பொண்ணோட வெளாடற சீனும் அப்படித்தான். பூவ தண்ணில போட்டா மெதக்குது, அதே மாதிரி பாப்பாவும் மெதக்கும்னு நெனைச்சு தூக்கிப் போட்டுடுது அந்த உருவம். கொல்லணும்னு இல்ல, வெளாட்டு. சென்சார் காரணமா அந்த தூக்கிப் போடற எடத்த பல வருஷம் வெட்டிட்டு ஓட்டுனாங்க. விளைவு என்னாச்சுன்னா, கை நீளுது, கட், அடுத்தது அப்பன் பொண்ணோட ஒடம்ப தூக்கிக்கிட்டு தெருவுல நடக்கறான். பாக்கறவன் நடுவுல என்னென்னமோ கற்பனை பண்ணிக்குவான். கொழந்தை மனசோட ஒரு உயிர்னு அவரு பாடுபட்டு காட்டுன எடத்த கத்திரிக்கோல் வேற மாதிரி ஆக்கிடுச்சு. 1980கள்ல தான் அந்த துண்ட திரும்ப சேத்தாங்க.

இப்ப கூலி விஷயத்துக்கு வர்றேன். அந்தப் படத்துக்காக ஒரு தடவ 25 மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கியிருக்காங்க, மேக்கப் நேரமும் சேத்து. கிளைமாக்ஸ்ல ஹீரோ காலின் கிளைவ தோள்ல போட்டுக்கிட்டு மலை மேல இருக்கற காத்தாலைக்கு தூக்கிட்டு போகணும், அந்த பூட்ஸோட, டேக் மேல டேக். டம்மி வச்சு எடுத்திருக்கலாம். எடுக்கல. அவரோட முதுகு வாழ்நாள் பூரா சரியாகவே இல்ல, ஆபரேஷன் வரைக்கும் போச்சு. படத்தோட ஆரம்ப டைட்டில் கார்டுல அந்த உருவத்துக்கு நேரா பேருக்கு பதிலா ஒரு கேள்விக்குறி தான் போட்டாங்க. அது விளம்பர யுக்தி, சரி, பேரு கடைசி கார்டுல வருது. ஆனா பிரீமியருக்கு அவர கூப்பிடவே இல்ல! படத்தையே தாங்குன ஆளு அவரு.

படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அடுத்த வருஷம் தி மம்மில மேக்கப் எட்டு மணி நேரம் ஆச்சு, துணி சுத்தி, களிமண் பூசி, அது படத்துல வர்றது கொஞ்ச நேரம் தான். ஸ்டுடியோவுக்கு பணம் கொட்டுது. ஆனா 1933ல கான்ட்ராக்ட்ல எழுதுன சம்பள உயர்வ இப்ப வேணாம், கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னாங்க. ஒரு தடவ விட்டுக்குடுத்தவரு, மறுபடி அதே பாட்ட பாடவும் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. ஸ்டுடியோ தான் எறங்கி வர வேண்டியதாச்சு.

அதே 1933 மார்ச்ல, நாடு பூரா பேங்க் மூடிக் கெடக்கு, ஸ்டுடியோ முதலாளிங்க எட்டு வாரத்துக்கு சம்பளத்துல பாதிய வெட்டறோம்னு அறிவிச்சாங்க. அங்க தான் நடிகருங்களுக்கு தனி சங்கம் வேணும்ங்கற பேச்சு சூடு புடிச்சுச்சு. கோடைல ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்ட் ஆரம்பிச்சப்ப மொத ஆளுங்கள்ல கார்லாஃப் ஒருத்தரு, அவரு மெம்பர் நம்பர் 9. அந்த நேரத்துல சங்கத்துல சேர்றதுன்னா வெளாட்டு இல்லங்க, வெளிய தெரிஞ்சா சான்ஸ் போயிடும், அதனால ஆரம்பக் கூட்டங்க எல்லாம் யாரோ ஒருத்தரு வீட்டு ஹால்ல ரகசியமா தான். அவரு அப்பத்தான் ரெண்டு வருஷமா ஸ்டார், இருபது வருஷம் காத்திருந்து வந்த சான்ஸ், வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. இருந்தும் போயி நின்னாரு. நாலு வருஷம் இழுத்து 1937 மே மாசம் தான் ஸ்டுடியோக்காரங்க சங்கத்த ஏத்துக்கிட்டு கையெழுத்து போட்டாங்க. டிராகுலா புகழ் பேலா லுகோசியும் அந்த சங்கத்துல ஆரம்பத்துலயே சேந்தவரு தான். இவங்க ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகைன்னு கத கட்டுனவங்க யாரும் இத சொல்றதில்ல.

1936க்கு அப்புறம் ரெண்டு வருஷம் பேய்ப்படமே படுத்துடுச்சு, யுனிவர்சல் கை மாறுச்சு, இவரு சின்னச் சின்ன பட்ஜெட்ல சீனா துப்பறிவாளரா எல்லாம் நடிச்சு காலத்த ஓட்டுனாரு. 1938ல லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒரு தியேட்டர்காரரு பழைய பேய்ப்படங்கள ஒண்ணா சேத்து ஓட்ட, கூட்டம் ரோட்டுக்கு வந்துச்சு, ஸ்டுடியோ அவசர அவசரமா மூணாவது ஃபிராங்கன்ஸ்டைன் படத்த எடுத்துச்சு. அந்த ஷூட்டிங் நடக்கறப்ப தான் பொண்ணு பொறந்தா, அதுவும் இவரோட 51வது பொறந்தநாள் அன்னிக்கே. அதோட அந்த வேஷம் போதும்னு முழுப்படத்துல அப்புறம் போடல. இந்த கேரக்டர வச்சு இனி கேலி தான் பண்ணுவாங்கன்னு அவருக்கு புரிஞ்சிருந்துச்சு, சரியாவே நடந்துச்சு. ஆனா அந்த வேஷத்த திட்டுனதே இல்ல, நன்றியோட தான் பேசுவாரு. முத்திரை குத்திட்டாங்கன்னு பொலம்பற நடிகருங்க நடுவுல இது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். நாப்பத்தி மூணு வயசு வரைக்கும் அடுத்த மாச வாடகை எங்கேர்ந்து வரும்னு தெரியாம இருந்தவருக்கு முத்திரையோட அரும தெரியும்.

கடைசி வருஷங்கள்ல நுரையீரல் பாதிக்கு மேல போயிடுச்சு, கால்ல கம்பி போட்ட பட்டை. அப்பவும் வேலை. 1968ல வந்த டார்கெட்ஸ் படம், தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்கு இவரு ரெண்டு நாள் வேலை பாக்கி வச்சிருந்தாரு, அந்த ரெண்டு நாள வச்சு படம் எடுத்துக்கோன்னு பீட்டர் போக்டனோவிச்ங்கற புதுப் பையன்கிட்ட குடுத்தாங்க. ரிட்டயர் ஆகப்போற வயசான பேய்ப்பட நடிகர் வேஷம். அதுல ஒரு குட்டிக்கதை சொல்ற எடம் வரும், கேமரா மெதுவா கிட்ட போகும், ஒரே டேக், முடிஞ்சதும் யூனிட்டே கை தட்டுச்சாம். அந்த வருஷமே மெக்சிகோ கம்பெனிக்காக நாலு படம் நடிச்சுக் குடுத்தாரு. ஒடம்பு தாங்காதுன்னு அவரு சீன மட்டும் லாஸ் ஏஞ்சலீஸ்லயே எடுத்தாங்க, ஷாட்டுக்கு ஷாட் நடுவுல வீல்சேர், ஆக்சிஜன். படங்க நாலும் சுமார்னுகூட சொல்ல முடியாது, நான் பாத்துட்டேன். ஆனா இவரு வர்ற எடத்துல ஒரு எடத்துலகூட ஏனோதானோன்னு செய்யல. 1969 பிப்ரவரி 2ல இங்கிலாந்துல எறந்தப்ப அந்த நாலும் இன்னும் ரிலீஸ் ஆகல.

யாராச்சும் எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா ஃபிராங்கன்ஸ்டைன் சொல்ல மாட்டேன், 1945ல வந்த தி பாடி ஸ்நாட்சர் தான் சொல்லுவேன். முதுகு ஆபரேஷன் ஆகி கொஞ்ச மாசத்துல நடிச்ச படம். டாக்டருங்களுக்கு பொணம் சப்ளை பண்ற குதிர வண்டிக்காரன் வேஷம். மேக்கப் மூட்டை எதுவும் இல்ல, சிரிப்பும் கொரலும் மட்டும். நடக்க முடியாத ஒரு கொழந்தைய தூக்கி தன் குதிரைய காட்டி அவ்ளோ ஆசையா பேசுவான், அதே ஆளு பின்னாடி லுகோசிய உக்கார வச்சு, பொணம் புடிக்கறது எப்படின்னு கதை சொல்லிக்கிட்டே கைய அவரு வாய் பக்கம் கொண்டு போவான் பாருங்க. ஒன்னேகால் மணி நேரம் தான் படம், ராத்திரி சாப்ட்டுட்டு உக்காந்தா பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிடும். பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க, அந்த தெருவுல பாட்டு பாடற பொண்ணு சீன பத்தி பேச எனக்கு ஆளு வேணும்.