தண்ணி பாசாங்கா இருக்கு

1974இல் பினாங்கில் என்னோடு ஆறாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் காலண்டர் படம் நினைவிருக்கும். ஓவியச் சார் கரும்பலகையில் ஒட்டினார். சாம்பலும் நீலமுமாக ஒரே பனிமூட்டம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன், கறுப்பாகச் சில படகுகள். "சார், இன்னும் முடிக்கலையா?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

சாருக்குக் கோபம் வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸிலும் இதைத்தான் சொன்னார்களாம். 1872இல் பிரான்ஸின் லு ஆவ்ர் துறைமுகத்தைப் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே வரைந்த படம். 1874 கண்காட்சியில் 'இம்ப்ரெஷன் (மனப்பதிவு), சூரியோதயம்' என்று பெயர் போட்டு வைத்தார். சுவரில் ஒட்டும் காகிதமே இதைவிடத் தேவலை என்று விமர்சகர் லூயி லெரோய் கிண்டலாக எழுதினார். கிண்டலுக்குச் சொன்ன 'இம்ப்ரெஷனிஸ்ட்' அந்த ஓவியர்களுக்கே பெயராகிவிட்டது.

எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. புகைபோக்கியும் கிரேனும்தான் கண்ணில் பட்டன. காலையில் நீரிணையைக் கடக்கும் பெர்ரிப் படகில் நின்று, பிறை என்ற ஊர்ப் பக்கம் பார்த்தால் அப்படித்தானே இருக்கும்! ரப்பர் மரக் கரி போட்டு இரும்பு உருக்கிய மலாயாவாத்தா ஆலை அங்கேதான் இருந்தது.

படத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்குப் பட்டர்வொர்த் வார்ஃபில் (கப்பல் துறையில்) வேலை. கை துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பெரிய கப்பல் நகருதே. தண்ணி பாசாங்கா இருக்கு."

ஆயர் பாசாங் என்று மலாயில் சொல்வார்களே, அந்தக் கடல் ஏற்றம். மறுநாள் வகுப்பில் அதை ஒப்பித்தேன். பாசாங்கு என்பதே ஒரு வாரம் என் பட்டப்பெயர். (இன்னும் அப்படிக் கூப்பிடுகிற பள்ளித் தோழர்கள் லண்டனில் இருவர் இருக்கிறார்கள்.)

பின்னாளில் பாரிஸ் மர்மோத்தான் அருங்காட்சியகத்தில் அசலைப் பார்த்தேன். 48க்கு 63 சென்டிமீட்டர், அவ்வளவுதான். கைப்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சூரியனைக் கிட்டத்தட்டக் காணோம்! சுற்றியுள்ள சாம்பலுக்கும் அதற்கும் ஒரே அளவு வெளிச்சம். நிறம்தான் அதைத் தூக்கிக் காட்டுகிறது. சார் இருந்திருந்தால் துள்ளியிருப்பார்.

2014இல் டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க வானியல் பேராசிரியர் அந்தக் காலைப்பொழுதைக் கணக்கிட்டார். லு ஆவ்ரில் ஆழம் போதாது, கடல் ஏறியிருக்கும் சில மணி நேரத்தில்தான் பெரிய கப்பல்கள் நகர முடியும். அதையும் சூரியன் நின்ற இடத்தையும் பழைய வானிலைக் குறிப்புகளையும் வைத்து 1872 நவம்பர் 13, காலை 7.35 ஆக இருக்கலாம் என்றார்.

உடனே பினாங்குக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு அப்போது எண்பத்து நாலு. முழுக்கக் கேட்டார்.

"சரி, அந்தக் கப்பல்ல என்ன சரக்குன்னு கண்டுபிடிச்சாரா?"